கண்ணுக்குப் புலப்படாத ஏவல்

தொலைவில் உள்ள ஒரு பொருளை இருந்த இடத்தில் இருந்தபடியே இயக்கவேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்கு நேற்று இன்று உண்டானதன்று. பாட்டிமார் சொல்லும் கதைகளில் மந்திரவாதி ஒரு சொல்லை உச்சரித்தவுடன் குகையின் கதவு திறந்துகொள்கிறது. அந்தச் சொல் கதவுக்கு எவ்வாறு எட்டியது, எட்டிய சொல்லின் பொருளைக் கதவு எவ்வாறு அறிந்தது என்னும் இரு கேள்விகளையும் கதை கேட்கும் குழந்தைகள் எழுப்புவதில்லை. கதை சொல்லும் பாட்டியும் விளக்குவதில்லை. விஞ்ஞானிகளோ அவ்விரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே கதவைத் திறக்க முடிந்தது. இன்று வீடுதோறும் மேசைமேல் கிடக்கும் ரிமோட் என்னும் சிறு கருவி அவ்விடைகளின் வடிவமே ஆகும். தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட அக்கருவியைக் கொண்டு கணிப்பொறியையும் ஏவ இயலும் என்பதை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். அது எவ்வாறு கைகூடிற்று, அதனால் யாருக்கு என்ன பயன் என்பனவற்றை இப்பேச்சில் காண்போம்.

பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பதற்குத் தக்க இடம். 1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் உழுது பயிரிட்டு வாழ்வதற்கென்று இங்கே 3,900 ஏக்கர் நிலம் அளித்தார். அக்குடியேற்றத்துக்கு முயன்ற வைட் என்பவரின் பெயரே ஊரின் பெயராயிற்று. நூறாண்டுக்கு மேலாகச் சிற்றூராகவே இருந்த அவ்விடத்தில், 1990-களில் இந்தியாவும் சிங்கப்பூரும் கூட்டாக ஒரு பெரிய தொழில்நுட்பப் பூங்காவை அமைக்கத் தொடங்கின. அதன்பின் ஊரின் முகமே மாறிற்று. ஏர் பிடிக்க ஏற்பட்ட ஊரில் இன்று எண்ணற்றோர் கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பிழைக்கின்றனர். அத்தகைய அலுவலகம் ஒன்றின் கூட்ட அறையில் நுழைந்து பாருங்கள். கூரையில் தொங்கும் படக்காட்டிக்கு ஒரு ரிமோட், சுவரில் உள்ள குளிரூட்டிக்கு ஒரு ரிமோட், பெரிய திரைக்கு மற்றொன்று என்று மேசைமீது கிடக்கும். கோடிக்கணக்கான கணக்குகளை நொடியில் போடும் கணிப்பொறிகளுக்கு நடுவே, பழைய ரிமோட் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இக்கருவிகளுள் பெரும்பாலானவை ஏவலைச் சுமந்து செல்ல அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துகின்றன. அக்கதிரை முதன்முதலில் இனங்கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே வானியலறிஞர்தாம் இவர். 1800-ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி, வானவில்லின் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் வெப்பத்தையும் வெப்பமானியால் அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் மிகுந்தது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றிலும் மிகுதியான வெப்பத்தைக் காட்டிற்று. ஒளி இல்லை என்று கண் சொன்ன இடத்தில் ஒளி உண்டு என்று பாதரசம் சொல்லிற்று. நம் புலன்களின் எல்லை இயற்கையின் எல்லை அன்று என்பதை மெய்ப்பித்த நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத அலையால் தொலைவில் உள்ள ஒன்றை இயக்கிக் காட்டும் பெருமை நம் நாட்டிற்கும் உண்டு. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில், மாகாணத்தின் லெப்டினென்ட் கவர்னர் முன்னிலையில், பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். அவர் எழுப்பிய மின்காந்த அலைகள் இடையில் இருந்த சுவர்களை ஊடுருவிச் சுமார் 75 அடி தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. அவர் கையாண்ட அலைகள் மில்லிமீட்டர் அளவே நீளம் உடையவை. ஆதலின் அவை வானொலி அலைகளுக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்ட இனத்தைச் சார்ந்தவை எனலாம்.

போஸின் பணி அத்துடன் நிற்கவில்லை. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமம், புலப்படும் ஒளிக்கும் புலப்படாத கதிர்களுக்கும் ஒருங்கே விடை தருவதை அவர் கண்டார். செயற்கை விழித்திரை ஒன்றைச் செய்வதற்கு ஒப்பான அக்கண்டுபிடிப்புக்கு 1904-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் காப்புரிமை வழங்கிற்று. அதே ஈய சல்பைடு பின்னாளில் அகச்சிவப்புக் கதிரை உணரும் கருவிகளில் இடம் பெற்றது. இன்று ரிமோட்டின் கதிரை ஏற்கும் உணரி சிலிக்கனால் ஆனது. எனினும், திண்பொருளாலான கண் ஒன்று புலப்படாத ஒளியைக் காணக்கூடும் என்னும் எண்ணத்துக்கு வழி வகுத்தோரில் போஸ் முன்வரிசையில் நிற்பவர்.

கல்கத்தாவில் ஒலித்த மணி ஒரே ஏவலுக்குக் கீழ்ப்படிந்தது. அலை வந்தால் அடிக்கும், வராவிட்டால் அடிக்காது. பல ஏவல்களை ஒரே அலையில் அனுப்புவது எப்படி? 1898-இல் நிகோலா டெஸ்லா நியூயார்க் நகரில் வானொலி அலையால் ஒரு சிறு படகைச் செலுத்திக் காட்டியபோது கண்டவர்கள் வியந்தார்கள். இக்கேள்விக்குத் தெளிவான விடை கண்டவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேதோ. 1903-இல் அவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின்முன் வைத்த டெலிகினோ என்னும் கருவியில், அனுப்பப்பட்ட துடிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏவல் வேறுபட்டது. 1906-இல் பில்பாவோ துறைமுகத்தில் மன்னர் முன்னிலையில் அவர் ஒரு படகைக் கரையிலிருந்தபடியே செலுத்தினார். அன்று முதல், தொலைவிலிருந்து ஏவுதல் என்பது வலிமையைப் பற்றிய பேச்சாக இல்லாமல் எண்ணைப் பற்றிய பேச்சாயிற்று. உரக்கக் கூவுவதனால் ஏவல் நிறைவேறுவதில்லை; கூவுவோனும் கேட்போனும் முன்னரே செய்துகொண்ட உடன்படிக்கையால்தான் நிறைவேறுகிறது.

இவ்வுண்மையை வீட்டுக்குள் கொண்டுவரத் தொலைக்காட்சி தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950-இல் வெளியிட்ட கருவி ஒரு நீண்ட கம்பியால் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கம்பி காலில் சிக்கித் தடுக்கிற்று. 1955-இல் அதே நிறுவனத்தின் யூஜின் பாலி, கம்பியை நீக்கி ஒளியைப் புகுத்தினார். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள் இருந்தன. கைவிளக்கு போன்ற கருவியால் ஒரு மூலையைக் குறிவைத்து ஒளி வீசினால் அதற்குரிய செயல் நடந்தது. ஆனால் சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் பெட்டி தானாகவே நிலையம் மாற்றத் தலைப்பட்டது! 1956-இல் ராபர்ட் ஆட்லர் ஒளியைக் கைவிட்டு, செவிக்கு எட்டாத ஒலியைக் கையாண்டார். பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி அலுமினியக் கோலைத் தட்டும். நான்கு கோல்கள், நான்கு ஒலிகள், நான்கு ஏவல்கள். மின்கலம் கூட வேண்டியதில்லை. ஆயினும் சாவிக்கொத்து குலுங்கும் ஓசையையும் சில சமயம் பெட்டி ஏவலாக எடுத்துக்கொண்டது. வெயிலும் சாவியும் ஏவலாகிவிட்டதற்குக் காரணம் ஒன்றே. ஒலியும் ஒளியும் இருந்தன. பிறழ்ச்சிக்கு இடங்கொடாத மொழி இல்லை.

இரண்டு நிகழ்ச்சிகள் இக்குறையைப் போக்கின. முதலாவது, அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பயார்ட், கேரி பிட்மன் என்னும் இருவர் 1960-களின் தொடக்கத்தில் அகச்சிவப்பு ஒளியை உமிழும் சிறு திண்பொருள் விளக்கைக் கண்டறிந்தனர். காலியம் ஆர்சனைடு என்னும் பொருளால் ஆன அவ்விளக்கை ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி அணைக்கலாம். (அந்நிறுவனமே 1985-இல் பெங்களூரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, பிற நாட்டு நிறுவனங்கள் பல இந்நகரை நாடி வருவதற்கு முன்னோடியாயிற்று.) இரண்டாவது நிகழ்ச்சி பிரிட்டனில் ஏற்பட்டது. அங்கே 1974-இல் தொலைக்காட்சித் திரையிலேயே செய்தி ஏடுகளைப் படிக்கும் வசதி தொடங்கப்பெற்றது. ஏடு ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. நான்கு கோல்களைத் தட்டி மூன்று இலக்க எண்ணைச் சொல்ல இயலாது. ஏவல்கள் பெருகவே, எண்களைத் தெளிவாகச் சொல்லும் ஒளிமொழி தேவையாயிற்று.

அம்மொழி எவ்வாறு அமைந்தது என்பதைச் சிறிது விரிவாகக் காண்போம். ரிமோட்டின் முனையில் உள்ள விளக்கு சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உமிழ்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் வருவது ஒரு நானோமீட்டர். நம் கண் காணும் சிவப்பு ஏறக்குறைய 700 நானோமீட்டரில் முடிந்துவிடுகிறது. இவ்வொளியைக் காண விரும்பும் நேயர்கள், பொத்தானை அழுத்திக்கொண்டு கைப்பேசியின் புகைப்படக் கண்ணாடி வழியே ரிமோட்டின் முனையைப் பார்க்கலாம். பல கைப்பேசிகளில் வெளிறிய ஊதா நிற ஒளி மினுக்குவது தெரியும். ஹெர்ஷலுக்கு வெப்பமானி காட்டியதை நமக்குக் கைப்பேசி காட்டுகிறது.

ஆனால் வெயிலிலும் இழைவிளக்கிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய உண்டு. அக்கூட்டத்தில் ரிமோட்டின் சிற்றொளி தொலைந்துபோகாதபடி செய்யும் உபாயம் யாது? விளக்கு வெறுமனே எரிவதில்லை. ஒரு நொடிக்கு 36,000 அல்லது 38,000 முறை துடித்துத் துடித்து எரிகிறது. ஏற்கும் உணரி அந்தத் தாளத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, ஏனையவற்றைப் புறக்கணிக்கிறது. சந்தை இரைச்சலுக்கு நடுவிலும், அறிந்த தாளத்தில் ஒலிக்கும் தவிலை நம் செவி தனியே பிரித்துக் கேட்பதில்லையா? அது போன்றதே இதுவும்.

இத்துடிப்புகளைச் சிறு சிறு தொகுதிகளாக விட்டுவிட்டு அனுப்பினால் அவை ஒன்றும் சுழியுமாகிய எழுத்துகளாகின்றன. ஜப்பானிய நிறுவனமாகிய என்.இ.சி. வகுத்த முறையில், முதலில் 9 மில்லிநொடி நீளமான துடிப்பு ஒன்று 'கவனி' என்று எழுப்புகிறது. பின்னர்க் கருவியின் முகவரியும் ஏவலின் எண்ணும் செல்கின்றன. ஒவ்வொன்றும் இரு முறை செல்லும். இரண்டாம் முறை ஒன்றெல்லாம் சுழியாகவும் சுழியெல்லாம் ஒன்றாகவும் திருப்பி அனுப்பப்படும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஏவல் தள்ளப்படும். வங்கிக் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் செய்யும் எச்சரிக்கையே இது. ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனம் 1980-களில் பரப்பிய முறையில் ஏவல் 14 எழுத்துகளால் ஆனது. அதில் தொலைக்காட்சிக்குரிய முகவரி 0. ஒலியை உயர்த்தும் ஏவல் 16. தாழ்த்தும் ஏவல் 17. பொத்தானைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறோமா, எடுத்துவிட்டு மீண்டும் அழுத்தினோமா என்பதைத் தெரிவிக்கவே ஓர் எழுத்து தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இங்கே நேயர்கள் உற்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரிமோட் அனுப்புவது 'ஒலியை உயர்த்து' என்னும் கட்டளையை அன்று. 16 என்னும் எண்ணை மட்டுமே. அவ்வெண்ணுக்கு அப்பொருளைக் கற்பிப்பது ஏற்கும் கருவி. தமிழில் 'செய்', 'வா', 'நட' என்னும் பகுதியே ஏவலாக நிற்கும் என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். யார், எப்போது, எதை, எவ்வளவு என்பனவற்றைச் சூழ்நிலையால் அறிந்துகொள்வது கேட்போன் பொறுப்பு. அதுபோலவே ரிமோட்டின் சொல்லும் வெறும் பகுதி. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் காகிதங்களைப் பெயர்ப்பதையே தொழிலாக உடைய எம்மனோர்க்கு இது நன்கு பழகிய நிலை. மூலத்தில் இருக்கும் சொல் ஒன்றே. பெறுபவனின் மொழியும் தேவையுமே அதற்கு உருவம் தருகின்றன.

தொலைக்காட்சியில் இந்த விளக்கத்தைத் தொழிற்சாலையே செய்து மூடிவிடுகிறது. 16 என்றால் ஒலியே. வீட்டுக்காரர் விரும்பினாலும் மாற்ற இயலாது. கணிப்பொறியில்தான் நிலைமை வேறு. 1983-இன் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த பிசி ஜூனியர் என்னும் வீட்டுக் கணிப்பொறியின் விசைப்பலகை கம்பியின்றி அகச்சிவப்புக் கதிரால் இயங்கிற்று. கருத்து நல்லதாயினும், ஒரே அறையில் இரண்டு கணிப்பொறிகள் இருந்தால் ஒன்றின் விசை மற்றொன்றில் எழுத்தாக விழக்கூடும். அத்தகைய இடங்களுக்கென்று கம்பியும் தனியே விற்கப்பட்டது. அக்கணிப்பொறி 1985-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 1987-இல் ஆப்பிள் கணிப்பொறியை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக், பல ரிமோட்டுகளின் வேலையையும் ஒன்றே கற்றுக்கொண்டு செய்யும் கருவியைக் கொண்டுவந்தார். அதுவும் பரவலாக விலைபோகவில்லை.

வழி திறந்தது 1990-களில். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் நிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கையாண்டவர்களுள் ரால்ஃப் மெட்ஸ்லர், கிறிஸ்டோஃப் பார்ட்டெல்முஸ் முதலியோர் அவ்வாண்டுகளின் பிற்பகுதியில் 'லிர்க்' என்னும் நிரலை வளர்த்தனர். அதன் வேலை மூன்று படிகளாக நடக்கிறது. முதற்படியில் உணரி தந்த துடிப்புகளின் நீளத்தையும் இடைவெளியையும் நிரல் அளக்கிறது. இரண்டாம் படியில், முன்பே கற்றுக்கொண்ட பட்டியலோடு ஒப்பிட்டு, அழுத்தப்பட்ட பொத்தான் இன்னது என்று தெளிகிறது. மூன்றாம் படியில், பயன்படுத்துவோர் தம் கையால் எழுதி வைத்த ஒரு சிறு கோப்பைப் பார்த்து, அப்பொத்தானுக்கு உரிய செயலைச் செய்கிறது. பாட்டுக் கேட்கும் நிரல் திறந்திருந்தால் அடுத்த பாட்டு. படக்காட்சி நிரல் திறந்திருந்தால் அடுத்த படம். நூல் படிக்கும் நிரல் திறந்திருந்தால் அடுத்த பக்கம். பொத்தான் ஒன்றே, பொருள் மூன்று. ஏவலின் பொருளைத் தொழிற்சாலை முடிவு செய்தது போய், பயன்படுத்துவோரே முடிவு செய்யும் உரிமை இங்கே கிடைத்தது.

இதற்கு வேண்டிய கருவியும் அரிதன்று. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ மின்னணு உதிரிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும் உணரி ஒன்று, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் பகுதி ஒன்று, ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி, ஒரு டயோடு ஆகிய ஐந்தே பொருள்களைப் பற்றாசு வைத்து இணைத்து, கணிப்பொறியின் பின்புறத்துத் தொடர்முனையில் செருகிவிட்டால் போதும். பிற்காலக் கணிப்பொறிகளில் அம்முனை மறைந்தது, யு.எஸ்.பி. முனையில் செருகும் ஏற்பிகள் வந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2002-இலும் ஆப்பிள் நிறுவனம் 2005-இலும் ரிமோட்டுடன் கூடிய கணிப்பொறி அமைப்புகளைத் தாமே வெளியிட்டன. 2010-இல் ரிமோட்டுகளுக்கான நிரல் லினக்ஸின் கருவிலேயே இடம் பெறத் தொடங்கிற்று. எவரோ சிலர் ஓய்வு நேரத்தில் செய்த முயற்சி பொதுச் சொத்தாயிற்று.

அந்த ஆண்டுகளில் பெங்களூரும் வாளா இருக்கவில்லை. 2001 முதல் திறந்த நிரல் எழுதுவோரின் மாநாடு இந்நகரில் கூடலாயிற்று. அதே ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணிப்பொறியை வெளியிட்டனர். எழுதப் படிக்கத் தெரியாத சிற்றூர் மக்களும் கணிப்பொறியின் பயனை அடையவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அது தமிழ், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கிக் கூறும் வகையில் வகுக்கப்பட்டிருந்தது. ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும். ஒவ்வொருவரும் தமக்குரிய அட்டையைச் செருகிப் பயன்படுத்தலாம். அதன் வடிவமைப்பையும் பிறர் பயன்படுத்துமாறு திறந்து வைத்தனர். அக்கருவியிலும் அகச்சிவப்பு முனை ஒன்று இருந்தது. ரிமோட்டைப் போல் ஏவ மட்டுமின்றி, 1993-இல் அமைந்த பன்னாட்டுச் சங்கம் வகுத்த முறைப்படி அருகில் உள்ள கருவியோடு செய்தி பரிமாறிக்கொள்ளவும் அது உதவிற்று. 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக அது சந்தைக்கு வந்தது. எதிர்பார்த்தவாறு விலைபோகவில்லை, விரைவில் கைப்பேசிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும், கருவி மக்களின் மொழியைக் கற்கவேண்டுமேயன்றி மக்கள் கருவியின் மொழியைக் கற்கவேண்டியதில்லை என்னும் அதன் கொள்கை தோற்றதாகக் கொள்ள இயலாது. இன்றைய கைப்பேசிகள் தமிழில் கேட்டுத் தமிழில் விடையளிப்பது அக்கொள்கையின் வெற்றியே.

அகச்சிவப்புக் கதிருக்கு இயல்பாகவே சில குறைகள் உண்டு. போஸின் அலைகள் சுவரை ஊடுருவின, இக்கதிர் ஊடுருவாது. அதுவே ஒருவகையில் குணமாகவும் அமைந்தது. வைட்ஃபீல்டில் இன்று நெருங்கி நிற்கும் அடுக்குமாடி வீடுகளில் நூறு குடும்பங்கள் ஒரே வகை ரிமோட்டை அழுத்தினாலும், ஒரு வீட்டின் ஏவல் அடுத்த வீட்டுக்குச் செல்வதில்லை. ஆனால் அறைக்குள் இருப்பவர்களுள் யார் ஏவுகிறார் என்று இக்கதிர் கேட்பதில்லை. 2004-இல் அமெரிக்காவில் மிட்ச் ஆல்ட்மன் என்பவர் வெளியிட்ட சாவிக்கொத்து அளவிலான கருவி, பலவகைத் தொலைக்காட்சிகளின் அணைக்கும் ஏவல்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசி, பொது இடங்களில் உள்ள பெட்டிகளை அணைத்தது. ஒளிமொழியின் சொற்களை அறிந்த எவருக்கும் கருவி பணியும் என்பதற்கு அது சான்று. ஆகவே விளையாட்டுக்கும் வசதிக்கும் இது ஏற்றது. பூட்டுக்கும் பணத்துக்கும் ஏற்றதன்று. வானொலி அலையால் இயங்கும் புதிய ரிமோட்டுகள் இப்போது பெருகி வருகின்றன. எனினும் மலிவும் எளிமையும் கருதி, குளிரூட்டியிலும் தொலைக்காட்சியிலும் படக்காட்டியிலும் அகச்சிவப்புக் கதிர் இன்னும் ஆட்சி செய்கிறது.

எழுந்து நடந்து சென்று ஒரு விசையைத் தட்டுவதற்குச் சோம்பிய மனிதனுக்காகவா இத்தனை ஆராய்ச்சி என்று சிலர் கேட்கக்கூடும். 1950-இல் கம்பியுடன் வந்த முதற்கருவிக்கு ஜெனித் நிறுவனம் இட்ட பெயரே 'சோம்பேறி எலும்பு' என்னும் பொருள் தருவது. ஆனால் எழுந்து நடக்க இயலாதவர்களும் உலகில் இருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரெஜ் மாலிங் என்பவர், கழுத்துக்குக் கீழே உடல் இயங்காத நோயாளிகளுக்காக ஒரு கருவியைச் செய்தார். ஒரு குழாயில் மெல்ல ஊதியும் உறிஞ்சியும் அவர்கள் மணியை அடிக்கலாம், விளக்கை ஏற்றலாம், வானொலியைத் திருப்பலாம். பின்னர் தட்டெழுத்து இயந்திரத்தையும் இயக்கலாம். அக்கருவிக்கு 'பாசம்' என்று பெயர். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்று பொருள். ஒருவனுக்குச் சோம்பலாக இருப்பது மற்றொருவனுக்குச் சுதந்திரமாக இருக்கிறது.

இதை உணர்ந்தால், கணிப்பொறியை ரிமோட்டால் ஏவும் கலை வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கும். விரல்கள் நடுங்கும் முதியவருக்கு நூறு விசைகள் கொண்ட பலகை ஒரு காடு. ஐந்து பெரிய பொத்தான்கள் உள்ள பழைய ரிமோட் ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியூரில் உள்ள மகனுக்கு அழைப்பு, மற்றொன்றில் செய்தி, வேறொன்றில் பாட்டு. இவ்வாறு அமைத்துக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதியோ, நிறுவனத்தின் தயவோ, பெரும் பொருளோ தேவையில்லை. மூலையில் கிடக்கும் உடைந்த தொலைக்காட்சியின் ரிமோட்டே போதும். அதன் பொத்தான்களுக்கு வேறு பொருள் கற்பிக்கும் உரிமை நமக்கு இருந்தால்தான் இது கைகூடும். நிரல் மூடியிருந்தால், பெட்டி பழுதான நாளிலேயே ரிமோட்டும் குப்பையாகிறது; திறந்திருந்தால், அது மற்றொரு மனிதனின் கையாகிறது.

ஹெர்ஷல் காணாத ஒளியைக் கண்டார். போஸ் அத்தகைய அலைகளைப் பணிகொண்டார். டோரஸ் கெவேதோ ஏவலை எண்ணாக்கினார். அவர்களுக்குப் பின் வந்த பலர், அவ்வெண்ணுக்குப் பொருள் கூறும் உரிமையைத் தொழிற்சாலையிலிருந்து மீட்டு வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தனர். ஊடகம் கம்பியாக இருந்தது, ஒலியாயிற்று, ஒளியாயிற்று. நாளை வேறொன்றாகவும் ஆகலாம். ஆயினும் ஏவலை ஏற்கும் கருவி யாருடைய சொல்லுக்கு யாருடைய பொருளைக் கொள்கிறது என்னும் கேள்வி எந்த ஊடகத்திலும் மறையப்போவதில்லை. அக்கேள்விக்கு, 'பயன்படுத்துவோர் கருதிய பொருளையே' என்று விடை சொல்லக்கூடிய கருவிகளைச் செய்வதே வைட்ஃபீல்டில் இன்று நிரல் எழுதும் இளைஞர்களுக்கு இவ்வரலாறு விட்டுச் சென்றிருக்கும் பணியாகும்.